அப்பளம்கூடச் சுட்டதில்ல

மடியில பிள்ளையை நல்லாப் பிடிச்சுக்கோங்க தம்பி. இந்த ரோட்டுல ஒரு பள்ளம் வரும். பஸ்ஸே அங்க ஒரு தடவை குனிஞ்சு கும்பிட்டுத்தான் போகும்.

ஓ, பையா? பிள்ளை இல்லையா? நானும் பார்த்தேன், என்னடா பிள்ளைக்கு ஜிப்பு வெச்சிருக்குன்னு. வெயில் நேரா மூஞ்சியில அடிக்குதுல்ல, அதான். மத்தபடி எனக்குக் கழுகுக் கண்ணு. வேட்டைக்காரன் கண்ணு.

பேர் கொண்டல்சாமி. ஊர் கரட்டுப்பட்டி, மலை அடிவாரம். கேள்விப்பட்டிருப்பீங்க. ஊரை இல்ல, என்னை. கேள்விப்படலையா? பரவால்ல, இறங்குறதுக்குள்ள கேள்விப்பட்டிருவீங்க.

எங்க போறேன்னு கேட்டீங்களா? கேட்கலையா? கேளுங்க. டவுன்ல பாரஸ்ட் ஆபீசுக்குப் போறேன். எதுக்கு? என் மேல ஒரு கேஸ் போடச் சொல்லி.

சிரிக்காதீங்க தம்பி. அவனவன் கேஸை எடுக்கச் சொல்லி வக்கீல் வீட்டு வாசல்ல தவம் கெடக்கான். நான் போடச் சொல்லி அலையறேன். மானம்னு ஒண்ணு இருக்குல்ல.

தனியா வரலை. சம்சாரமும் வந்திருக்கா. அதோ முன்னாடி, பச்சைச் சேலை. பேரு குருவம்மா. பச்சை யாரும் இல்லையா? அப்ப நீலம். நீலத்துக்குப் பக்கத்துல தலைப்பாகை கட்டினாப்பல... அது டிரைவரா? சரி விடுங்க, எங்கேயோ இருக்கா. அவ எங்க போயிரப் போறா. அவளால வந்த வினைதான் இத்தனையும். நாற்பது வருஷமா நான் கல்லு கல்லா அடுக்கின கோட்டை தம்பி. ஒரே ஒரு வாக்கியம். பொலபொலன்னு உட்கார்ந்துருச்சு.

முதல்ல இருந்து சொல்றேன்.

எங்க ஊர்ல சங்கையா டீக்கடை இருக்கு. காலையில அங்க போய் உட்கார்ந்தேன்னா என் டீக்கு யாராவது ஒருத்தர் சொல்லிருவாங்க. ஏன்? 'பெரியவரே, அந்தப் பன்னி வேட்டையைச் சொல்லுங்க'ன்னுதான். சொல்வேன். ஒரு நாள் சொன்ன மாதிரி மறுநாள் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னா அது பாடம், வேட்டை இல்ல. ஊர்ல எனக்குப் பேரே வேட்டைக்காரர்தான். ரேஷன் கடையில்கூட 'வேட்டைக்காரருக்குச் சீனி போடுப்பா'ன்னுதான் சொல்வாங்க. அப்படி வாழ்ந்தவன்.

இந்த மாசி மாசம் ஒரு நாள், கடை வாசல்ல ஜீப்பு வந்து நிக்குது. பாரஸ்டுக்காரங்க. இறங்கினது யாருன்னு நினைக்கிறீங்க? ஒரு பொண்ணு. காக்கிச் சட்டை, பூட்ஸு. ரேஞ்சராம். மலைக்குப் பக்கத்துல கடலைக் காட்டோரம் ரத்தமும் பன்னி முடியுமாக் கெடக்காம், பன்னியைக் காணோமாம். அந்தக் கடலைக் காடு நம்ம இருளப்பனோடது. நல்ல பையன், என்னை 'மாமா மாமா'ன்னு உயிரை விடுவான்.

ரேஞ்சரம்மா கேட்டுச்சு, "இந்த ஊர்ல வேட்டைக்குப் போறது யாரு?"

தம்பி, அந்த நேரத்துல நீங்க பக்கத்துல இருந்திருக்கணும். கடையில இருந்த அத்தனை கையும் மேல எழும்புச்சு. அத்தனை விரலும் என்னைப் பார்த்து நீளுது. முதல் கை யாருதுன்னு நினைக்கிறீங்க? இருளப்பன் கை. ரெண்டாவது சங்கையா. பாசம்னா அதுதான் பாசம். 

அன்னிக்குன்னு பார்த்து கடையில ஒரே வாசம் வேற. சங்கையா சட்டியில என்னமோ வறுத்துக்கிட்டு இருந்தான். கேட்டதுக்குப் பலாக்காய்ங்கிறான். எனக்கும் ஒரு இலையில வெச்சுக் கொடுத்தான், காசு வேண்டாம்னுட்டான். நல்ல காரம். ஆனா பலாக்காய்க்குள்ள எலும்பு இருக்கும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

ரேஞ்சரம்மா என் முன்னாடி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துச்சு.

"தாத்தா, நீங்க வேட்டைக்குப் போவீங்களா?"

"போவேனான்னா கேக்கறே தாயி? மலையில எந்தப் பன்னியை வேணாலும் நிறுத்தி என் பேரைச் சொல்லிப் பாரு. வாலைச் சுருட்டும்."

"சரி. அதோ அந்த வேப்ப மரத்தடியில என்ன நிக்குது, சொல்லுங்க."

எனக்கேவா! ஒரு பார்வைதான் பார்த்தேன். "செவலைக் கிடா. ரெண்டு பல்லு. கொம்பு வெளிப்பக்கமா வளைஞ்சிருக்கு."

கடையில எல்லாரும் அசந்துட்டாங்க. அது செவலைக் கிடாதான் தம்பி. அப்புறம் போஸ்ட்மேன் வந்து அதை ஸ்டார்ட் பண்ணி ஓட்டிட்டுப் போனார், அது வேற விஷயம்.

அந்த நேரம் பார்த்தா குருவம்மா வரணும்? ஜீப்பு வந்திருக்குன்னு யாரோ போய்ச் சொல்லியிருக்கான். மாவு கையோட ஓடி வந்தா. ரேஞ்சரம்மா அவளைப் பார்த்துக் கேட்டுச்சு: "பாட்டி, உங்க வீட்டுக்காரர் பன்னியைச் சுட்டதா சொல்றாங்களே, நிஜமா?"

குருவம்மா சுத்தி நின்ன எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தா. இருளப்பனைப் பார்த்தா. சங்கையாவோட சட்டியைப் பார்த்தா. அப்புறம் என்னைப் பார்த்தா. பார்த்துட்டு, கையில இருந்த மாவைத் தட்டிக்கிட்டே சொல்றா:

"இவரா? இவரு அப்பளம்கூடச் சுட்டதில்ல தாயி."

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியம். நாய்கூடச் சிரிச்சுச்சு.

ரேஞ்சரம்மாவும் சிரிச்சுது. சிரிச்சுட்டு, குருவம்மாவை ஓரமாக் கூட்டிட்டுப் போய் என்னமோ குசுகுசுன்னு பேசுது. இவ தலையைத் தலையை ஆட்டறா. என் பழைய வேட்டையைப் பத்தி விசாரிச்சிருக்கும். ஜீப்பு போயிருச்சு. கேஸும் போயிருச்சு. என் பேரும் போயிருச்சு.

மறுநாள் டீக்கடைக்குப் போறேன், ஒருத்தன் சொல்றான், "அப்பளத்துக்கு ஒரு டீ போடு." அப்பளம்! ரேஷன் கடையில "அப்பளம் வந்திருக்காருப்பா." கோயில்ல பூசாரி திருநீறு கொடுக்கும்போது உதட்டைக் கடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறான். சாமி சந்நிதியில தம்பி! ஒரு கல்யாணப் பந்தியில என் இலையில மட்டும் ஏழெட்டு அப்பளம். அத்தனையும் என்னைப் பார்த்துச் சிரிக்குது. கோபத்துல அத்தனையும் தின்னுட்டேன்.

இருளப்பன் ஒருத்தன்தான் ஆறுதல் சொன்னான். பொழுது சாயற நேரம் வந்து பக்கத்துல உட்கார்ந்தான். "மாமா, இதுக்கு ஒரே வழிதான் இருக்கு. அந்த ரேஞ்சரம்மா இன்னும் ஊரைச் சுத்தி விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்காம். நீங்களா நேரா ஆபீசுக்குப் போய், 'அந்தப் பன்னி என் வேலை'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அப்புறம் எவன் உங்களை அப்பளம்னு சொல்வான்?"

பாருங்க தம்பி, எவ்வளவு அக்கறை. சொந்தப் பிள்ளை சொல்வானா?

ஆனா அவனுக்கும் எனக்கும் ஒரே ஒரு இடத்துல தகராறு. "மாமா, துப்பாக்கின்னு சொல்லாதீங்க. கம்பிச் சுருக்கு வெச்சுப் பிடிச்சேன்னு சொல்லுங்க. மேக்கு வரப்புல, புளிய மரத்துக்குக் கீழன்னு சொல்லுங்க"ங்கிறான்.

"உனக்கு எப்படிடா தெரியும் இவ்வளவு துல்லியமா?"

"கேள்விப்பட்டேன் மாமா."

"கம்பிச் சுருக்கா? நான் என்ன கோழித் திருடனாடா? வேட்டைன்னா துப்பாக்கி. ஒத்தைக்கு ஒத்தை. பன்னிக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?"

அவன் கெஞ்சறான். நான் முடியாதுன்னுட்டேன். அப்ப குருவம்மா உள்ள இருந்து வந்து அவன் முன்னாடி நின்னா. "ஏன் இருளப்பா, உன் வேலியில ஒரு பக்கம் கம்பியைக் காணோமாமே, புதுசு வாங்கிட்டியா?"ன்னு கேட்டா. இதெல்லாம் ஒரு கேள்வியா, வந்த மனுஷனை? அவன் மூஞ்சி சுண்டிப் போச்சு. குடிச்ச காப்பியை அப்படியே வெச்சுட்டுப் போயிட்டான். விருந்தாளியை மதிக்கத் தெரியாத பொம்பளை.

நான் சாப்பிட மாட்டேன்னுட்டேன். கேஸ் போட்டாத்தான் சோறு. மத்தியானம் வரைக்கும் இருந்தேன். அதுக்கப்புறம் அவளே இறங்கி வந்தா. "சரி வாங்க, போவோம். ஆனா முதல்ல கண்ணு பார்க்கணுமாம். குறி பார்க்கிற கண்ணுதான்னு டாக்டர் எழுதிக் கொடுத்தாத்தான் துப்பாக்கிக் கேஸ் போடுவாங்களாம். ரேஞ்சரம்மாவே என்கிட்டச் சொல்லுச்சு"ன்னா. சட்டம் இவ்வளவு நுணுக்கமா இருக்கறது நல்லதுதான். இல்லைன்னா கண்ட கண்ட குருட்டுப் பயலெல்லாம் வேட்டைக்காரன்னு சொல்லிக்கிட்டுத் திரிய மாட்டானா?

ஏன் அன்னிக்கு அவ அப்படிச் சொன்னான்னு யோசிக்கிறீங்க. எனக்குத் தெரியும். பழி. எல்லாம் சீடையால வந்த பழி. சொல்றேன், ஆபீஸ்ல சொல்லப் போற வாக்குமூலமும் அதுதான். ஒரு ஒத்திகை மாதிரி உங்ககிட்டச் சொல்லிப் பார்த்துக்கிறேன். எங்கேயாவது நம்ப முடியலைன்னா கையைத் தூக்குங்க.

கேளுங்க. நடந்தது இதுதான். நடக்கலைன்னாலும் இப்படித்தான் நடந்திருக்கணும்.

விடிஞ்சும் விடியாத நேரம். நான், என் துப்பாக்கி, என் நாய். நாய் பேரு கலெக்டர். ராஜபாளையம் நாய், பால் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். அந்தச் சாதி நாய்ல சிலதுக்குக் காது கேட்காது, தெரியுமில்ல? இதுக்கும் கேட்காது. நாம என்ன மனுக் கொடுத்தாலும் அது பாட்டுக்கு வேற பக்கம் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கும். அதான் அந்தப் பேரு.

துப்பாக்கி யாருதா? ஒரு தடவை ஜமீன் வீட்டுதுன்னு சொல்லியிருக்கேன், இன்னொரு தடவை வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனதுன்னு சொல்லியிருக்கேன். ஆபீஸ்ல எது எடுபடும்? வெள்ளைக்காரன்னா கேஸு கொஞ்சம் கனமா இருக்கும்ல? அப்ப வெள்ளைக்காரனே இருக்கட்டும்.

மலை ஏறுற இடத்துல கருப்பசாமி. சுருட்டு வைக்காமத் தாண்டக் கூடாது. நான் அவசரத்துல மறந்துட்டேன். "என்னடா கொண்டல், வெறுங்கையா?"ன்னார். "பீடிதான் சாமி இருக்கு." "பத்த வெச்சே கொடு, இங்க காத்து ஜாஸ்தி"ன்னார். ரெண்டு இழுப்பு இழுத்தார், இருமினார். "இந்தக் கருமத்தை விட்டுருடா, உடம்புக்கு ஆகாது"ன்னு எனக்குப் புத்தி சொன்னார். மிச்சப் பீடியைத் திருப்பித் தரலை.

உள்ள போறோம். போறோம்னா நான் போறேன், கலெக்டரை இழுத்துட்டுப் போறேன். ஓடைக்கரையில நிக்குது தம்பி பன்னி. எவ்வளவு பெருசு? இந்த பஸ் வேண்டாம், ஒரு மினி பஸ்ஸுன்னு வெச்சுக்கோங்க. மினி பஸ் மாதிரியே ஒரு பக்கமாச் சாய்ஞ்சு வருது. கோரைப் பல்லு ரெண்டும் ஏறிப் பிடிச்சுக்கிற கம்பி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு. காடே நடுங்குது. கலெக்டர் மட்டும் திரும்பிப் பார்க்கலை. பன்னிக்கு அதுலயே பாதி மனசு விட்டுப் போச்சு.

நான் ரவைப் பையைத் தேடறேன். காணோம்! வீட்டுல ஆணியில தொங்குது. மடியில கையை விட்டா என்ன இருக்கு? குருவம்மா கட்டிக் கொடுத்த சீடை. அவ சுடற சீடையைப் பத்தி நான் சொல்லக் கூடாது. கிருஷ்ண ஜெயந்திக்குச் சுட்டது. மாசி வரைக்கும் டின்லயே இருக்குன்னா பார்த்துக்கோங்க. எலியும் தொடலை, கிருஷ்ணரும் தொடலை. ஒண்ணு கை தவறி விழுந்து திண்டு சிமெண்டே பேந்து போச்சு.

இந்தாங்க, கொண்டு வந்திருக்கேன், ஒண்ணு எடுத்துக்கோங்க. கடிச்சுராதீங்க! கன்னத்துல ஒதுக்கி ஊற வைங்க. டவுன் வரைக்கும் வரும்.

மருந்தைக் கெட்டிச்சேன். சீடையைப் போட்டேன். ஒரு கண்ணை மூடினேன். குறி பார்த்தேன். டமார்!

சீடை நேராப் போய்ப் பன்னி வாயில விழுந்துச்சு. நெத்திக்குத்தான் வெச்சேன். வேண்டாம், வாய்க்கே வெச்சேன்னு சொல்லிருவோம், ஆபீஸ்ல குறி தப்பினதாத் தெரியக் கூடாது. வாயில விழுந்ததைத் துப்பலாமா? பன்னி மரியாதை தெரிஞ்சது, கடிச்சுது. கடக்! கடவாய்ப் பல்லு ரெண்டும் போச்சு. அது என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துச்சு தம்பி. எனக்கு அந்தப் பார்வை தெரியும். கல்யாணமான புதுசுல, முதல் தீபாவளிக்கு, கண்ணாடியில நான் பார்த்திருக்கேன். அப்படியே முன்னங்காலை மடக்குச்சு, தலையைச் சாய்ச்சுச்சு, போய்ச் சேர்ந்துருச்சு. அடிபட்டுச் சாகலை. மானம் தாங்காமச் செத்துச்சு.

பார்த்தீங்களா, கையைத் தூக்கிட்டீங்க. அது கம்பியா? கம்பியைப் பிடிச்சிருக்கீங்களா? சரி சரி, பிடிச்சுக்கோங்க, பள்ளம் வருது.

அப்புறம் பங்கு. வேட்டையில அதுதான் முக்கியம். சாமிக்கு ஈரல். கருப்பசாமி என் பீடிக்குப் பதிலா அதை விட்டுக் கொடுத்திருக்கலாம், கொடுக்கலை. நாய்க்கு ஒரு பங்கு. கலெக்டர் ஒண்ணுமே பண்ணலைன்னாலும் பங்கு வாங்கிக்கிச்சு. இருளப்பனுக்கு வாலு. அதையும் ரொம்ப யோசிச்சுத்தான் கொடுத்தேன். மிச்சம் ஊருக்கு.

தலை இருக்கே, அது சுட்டவனுக்கு. எங்க பக்கம் அதான் முறை. இப்ப நீங்களே நியாயம் சொல்லுங்க. சுட்டது யாரு? துப்பாக்கியால சுட்டது நான். சீடையைச் சுட்டது அவ. வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு கறியை நெருப்புல சுட்டதும் அவதான். ஆக, எப்படிக் கணக்குப் பார்த்தாலும் தலை அவளுக்குத்தான் சேருது. நானும் அவளுக்குத்தான் கொடுத்தேன். துப்பாக்கியை மாத்தியிருக்கேன். பன்னி சைஸை மாத்தியிருக்கேன். ஒரு தடவை பன்னியையே மாத்திக் கரடி ஆக்கியிருக்கேன். தலையை மட்டும் ஒரு நாளும் மாத்தினதில்ல. எப்பச் சொன்னாலும் தலை குருவம்மாவுக்கு.

இதை எல்லாம் டீக்கடையில இருந்து கேட்டுட்டுப் போய் எவனோ அவகிட்ட வத்தி வெச்சிருக்கான். தலையைக் கொடுத்ததைச் சொல்லியிருக்க மாட்டான். சீடையைப் பத்தி மட்டும் சொல்லியிருப்பான். ஊர் அப்படித்தானே? அந்த வஞ்சம் தீர்க்கத்தான், நேரம் பார்த்து, அத்தனை பேர் முன்னாடி, அப்பளம்கூடச் சுட்டதில்லன்னுட்டா. சீடைக்கு அப்பளம். பழிக்குப் பழி. இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு.

என்ன, வண்டி நிக்குது? கண்டக்டர் என்ன சொல்றார்? கண்ணாஸ்பத்திரியா? ஆமா ஆமா, முதல்ல கண்ணுதான் பார்க்கணும்னு சொன்னேன்ல. பாரஸ்ட் ஆபீஸ் இதுக்குப் பின்னாடி இருக்கும். ராத்திரி தங்கற மாதிரி இருக்கும்னு சொல்லித் துணிப்பை, தட்டு, டம்ளர் எல்லாம் எடுத்துட்டு வந்திருக்கா. கேஸுன்னா லேசா? ஒரு நாள்ல முடியுமா?

இந்தா வர்றா. "இறங்குங்க, வந்திருச்சு"ங்கிறா. இரு வர்றேன். தம்பி, அந்தக் கம்பைக் கொஞ்சம் எடுங்க. அது உங்க குடையா? பக்கத்துல இருக்கறது. ஆங்.

அடேயப்பா! ஜன்னல் வழியா அந்தப் பக்கம் பாருங்க தம்பி, வாசல்ல. எவ்வளவு கூட்டம்! ஒவ்வொருத்தன் மூஞ்சியிலயும் ஒரு பக்கம் வெள்ளையா என்னமோ தெரியுதே, என்ன அது? கட்டா? ஒரு கண்ணுல கட்டா? எல்லாருக்குமா? புரிஞ்சு போச்சு. பூராப் பேரும் ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணால பார்க்கிறான். குறி பார்த்துப் பழகறாங்க தம்பி! இந்த ஜில்லாவுல இத்தனை வேட்டைக்காரன் இருக்கான்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். எனக்கு முந்தி வந்து வரிசையில நிக்கிறான் பாரு.

இரும்மா, படி எங்க இருக்கு? கையைக் கொடு. இது உன் கையா? சரி.

தம்பி, ஒரு நிமிஷம். கீழ ஒரு நர்சம்மா அவகிட்ட என்னமோ கேட்குது. "யாருக்குப் பாட்டி, பேரு என்ன?"ன்னு கேட்குது. இருங்க, இவ என்ன சொல்றான்னு பார்ப்போம்.

கேட்டுச்சா? என்ன சொன்னா? நீங்க சொல்லுங்க. நானாச் சொன்னா ஊர்ல நம்ப மாட்டான். "வேட்டைக்காரருக்கு"ன்னு சொன்னா! கொண்டல்சாமின்னு சொல்லலை. என் வீட்டுக்காரர்னு சொல்லலை. சத்தமா, அத்தனை வேட்டைக்காரங்க முன்னாடி, "வேட்டைக்காரருக்கு"!

இதுக்கு மேல கேஸ் எதுக்கு தம்பி? சரி, வந்தது வந்தாச்சு, கண்ணை மட்டும் காட்டிட்டுப் போவோம்.

நீங்கதான் சாட்சி. எங்க ஊருக்கு வந்தா இருளப்பன்கிட்ட இதைச் சொல்லணும். சொல்வீங்களா? தலையை ஆட்டுங்க பார்ப்போம்.

தம்பி? ஜன்னல்ல இருக்கறது நீங்கதானே, பை இல்லையே?